மஞ்சள் துணி சுற்றிய பச்சைப் பெட்டி

ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பதை விட்டுவிட வேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, இனிப் பஸ்ஸில் போகவேண்டுமே என்ற பயந்தான் எனக்கு முதலில் வந்தது. என் இதயம் பழுதுபட்டிருக்கிறது என்ற செய்தி அதற்குப் பின்னால்தான் மனத்தில் ஏறியது.

எங்கள் வீடு ஹந்தானை மலைச் சரிவில், தேயிலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரும் வெள்ளிதோறும் பதிகம் ஓதும் கோயிலும் கண்டி நகருக்குள் இருந்தன. காலையில் சைக்கிள் தானாகவே உருண்டு இறங்கிவிடும். மாலையில் அந்த இறக்கம் முழுவதும் ஏற்றமாகி எனக்காகக் காத்திருக்கும். பல ஆண்டுகளாக மிதித்தே ஏறி வந்தேன். யுத்தம் அதன் கடைசி ஆண்டுகளில் உக்கிரமடைந்திருந்தபோதுதான் நெஞ்சு வலித்தது.

அக்காலத்தில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இருக்கையில் அமர முன்னர் குனிந்து அதன் கீழே பார்ப்பார்கள். உரியவர் யாரென்று தெரியாத ஒரு பை கிடந்தால் பஸ் முழுவதும் இறங்கி ஓடும். எல்லோருக்கும் உரிய அந்தப் பயத்தோடு தமிழரான எங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும். என்னை இறக்கி நிறுத்திவிட்டு விசாரிக்கும்போது, பஸ்ஸிலிருக்கும் அத்தனை முகங்களும் யன்னலூடாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். குண்டு வெடித்துவிடுமோ என்பது ஒரு பயம். குண்டுக்கு உரியவன் நீதானோ என்று கேட்டுவிடுவார்களோ என்பது மற்றொரு பயம். விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட சிலர் திரும்பி வரவில்லை. அவர்களுள் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியும் ஒருவன். அதனால், "உங்களைக் கொண்டுபோனால் நான் என்ன செய்யிறது?" என்பது எங்கள் வீட்டில் சோறு போடும்போதுகூடக் கேட்கப்படும் கேள்வியாக இருந்தது.

தமிழர் வீடுகள் தாக்கப்பட்ட கலவர ஆண்டில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் நாங்கள் ஒளிந்திருந்தபோது, எங்கள் வாசலில் நின்ற சைக்கிளை எரித்தார்கள். ரயர் எரியும் மணம் அந்தச் சமையலறைக்குள்ளும் வந்தது. பிறகு வாங்கிய சைக்கிள்தான் இது. ஆகவே சைக்கிளைக் கைவிடுவது எனக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

அக்குறணையில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கந்தோர் அலுவலாக வந்து பழகியவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"ஐயா, நீங்க ஏன் மிதிக்கிறீங்க? மோட்டர் மிதிக்கட்டும். நீங்க பாட்டுக்குச் சாமிப் பாட்டுப் பாடிக்கிட்டு மேல போங்க."

"சைக்கிளுக்கு ஏது மோட்டர்?"

"என்ட மச்சான் சீனாவில இருந்து கொண்டு வந்தீக்கார். முன்சில்லுக்குள்ளயே மோட்டர் ஈக்கு. சில்லை மாத்தினாச் சரி. நான் அலவத்துகொடைக்கு அதிலதான் போய் வாறேன். இந்த உடம்பையே இழுக்குது, உங்களையா இழுக்காது?"

"மழையில கரண்ட் அடிக்காதோ?"

"அடிச்சா முதல்ல எனக்குத்தான் அடிக்கணும். அல்லாட காவல், இன்னும் அடிக்கல்ல."

அவர் கடையில் வைத்துத்தான் என் சைக்கிள் மாறியது. பழைய முன்சில்லைக் கழற்றி, நடுக்குடம் தேங்காய் அளவுக்குப் பருத்திருந்த புதிய சில்லைப் பூட்டினார். வலது கைப்பிடியில் மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற முறுக்குப்பிடி வந்தது. இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து சிவப்பும் கறுப்பும் நீலமுமாக வயர்கள் கொடிபோலப் படர்ந்து சட்டத்தைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடின. பின்னால் பொதி வைக்கும் கரியரில் பற்றரிகள். மோட்டரோடு வந்த துணிப்பை கண்டி மழையைத் தாங்காது என்று சொல்லி, அவற்றுக்கென இரும்புத் தகட்டில் மூடியுள்ள ஒரு பெட்டியை ஒட்டுவித்து, துருப்பிடியாமல் இருக்கப் பூச்சும் பூசினார். வீட்டுக் கேற்றுக்குப் பூசியதில் மிஞ்சிய பூச்சு அது. கடும் பச்சை.

அவருடைய வான் வண்டியிலேயே சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வயர்களைக் கடந்து போனாள். பெட்டியருகில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, இது என்ன, ஆமிக்காரற்ரை பெட்டி மாதிரிக் கிடக்கு?"

"பற்றரிப் பெட்டியப்பா. உள்ளுக்கை பற்றரிதான்."

"எனக்குத் தெரியும். ரோட்டிலை நிக்கிறவனுக்குத் தெரியுமோ?"

அவள் கேட்டது நியாயமே. ஆனால் நாங்கள் கண்ட பரிகாரம், இப்போது எண்ணிப் பார்த்தாலும் நடுங்க வைக்கிறது. புதிதாக வாங்கிய வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே ஓட்டுவது எங்கள் வழக்கம். அதுவரை ஊர்க்கண் படலாகாது. எனவே அவள் பூசை அலுமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, பச்சைப் பெட்டியின் ஒரு விளிம்பும் தெரியாதபடி சுற்றி, மேலே இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சின்மேல் சந்தனப் பொட்டும் வைத்தாள். கண்ணூறுக்குக் காப்பு ஆயிற்று. பச்சை நிறத்துக்கு மறைப்பும் ஆயிற்று. துணிக்குள்ளிருந்து இரண்டு வயர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டரை இயக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினோம். நான் ஒரு பக்கம், எலுமிச்சம்பழத் தட்டுடன் அவள் மறுபக்கம். கீழ்த் திருப்பத்தில் இருந்த காவலரணில் ஓர் இளம் படைவீரன் நின்றான். அவன் மஞ்சள் துணியைப் பார்த்தான்; என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தான்; தட்டைப் பார்த்தான்.

"கோவிலட்டத?" என்றான். கோயிலுக்கா என்று கேட்கிறான்.

"ஓவ், மாத்தயா," என்றேன், ஆம் ஐயா என்று.

சாமிப் பொருளைத் தொட விரும்பாதவன்போல் ஓரடி விலகி வழிவிட்டான். மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்தீர்களா, என் துணி செய்த வேலையை என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த பெண் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறியவள். சைக்கிளைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்கய்யா, சைக்கிளுக்குக் கல்யாணமா? மாலைய எங்க கட்டணும், கழுத்து எங்க இருக்கு இதுக்கு?"

கைப்பிடியிலேயே கட்டினாள். வாகனப் பூசையை ஓதல் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம் என்று குருக்கள் முன்பே சொல்லியிருந்தார். வீதியோரமாகக் கோயில் மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனோம். ஆண்கள் மேற்சட்டையுடன் உள்ளே போகும் வழக்கம் இல்லை. சட்டையைக் கழற்றி மண்டபத் தூணிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியும் இடுப்பில் கட்டிய சால்வையுமாகச் சந்நிதியில் நின்றேன். அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது.

கூற்றுவனுக்கும் அஞ்சாத அடியவர்களின் பாடல்களைச் சிறுவயது முதல் ஓதி வந்தவன் நான். ஓதும்போது எனக்குப் பயம் இருந்ததில்லை. ஓதி முடித்து வீதிக்கு இறங்கும்போதுதான் வரும். ஒரு பதிகத்தை எடுத்தால் இறுதியிலுள்ள கடைக்காப்புப் பாட்டு வரை பாடித்தான் நிறுத்த வேண்டும் என்பது எனக்குச் சொல்லித் தரப்பட்ட முறை. இடையில் விக்கல் வந்தாலும் நிறுத்தியதில்லை.

தீபாராதனை முடிந்து பதிகத்தைத் தொடங்கினேன். நடுப்பகுதிக்கு வந்திருப்பேன், வெளியே விசில் ஊதும் ஓசை கேட்டது. பின்னர் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த ஓசையின் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவரைப் பிடிக்கிறார்கள் என்று எண்ணினேன். பெயர் தெரியாத அந்த ஒருவருக்காக மனத்துக்குள் வேண்டிக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தேன். வெளியே ஒலிபெருக்கியில் ஒரு குரல் திரும்பத் திரும்ப எதையோ கேட்டது. என் குரல் அதை மூடிவிட்டது.

பூக்காரப் பெண் செருப்புக் காலுடனேயே மண்டபத்துக்குள் ஓடி வந்தாள்.

"ஐயா! பாட்ட நிறுத்துங்கய்யா! ஒங்க சைக்கிளச் சுத்திப் பொலிஸ் நிக்கிது! குண்டுங்கிறாங்க! சுடப் போறாங்களாம்!"

பாட்டு ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றது. அதன் பின்தான் ஒலிபெருக்கிக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "மேக காகெத? மேக காகெத?" இது யாருடையது, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். குருக்கள் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பின்வாசல் திறந்துதான் கிடக்கு. நீங்கள் போறதெண்டால் இப்பவே போங்கோ. நான் ஒண்டும் காணேல்லை."

அவர் என்மீது கொண்ட அன்பினால் சொன்னார். ஆனால் நான் போய்விட்டால் மதிலில் சாய்ந்து நிற்கும் அந்தப் பொருளுக்காக அடுத்துக் கேட்கப்படப் போகிறவர் அவரே. அவரை அடுத்து மண்டபத்தில் நின்ற ஒவ்வொருவரும். நான் தலையசைத்து மறுத்தேன். தைரியம் என்று இதைச் சொல்லமாட்டேன். இரண்டு வாசலிலும் எனக்குப் பயம் சரிசமமாக இருந்தது.

"நீர் இஞ்சை நில்லும்," என்றேன் மனைவியிடம்.

"உங்களைக் கொண்டுபோனால் நான் ஆரின்ரை வாசல்லை போய்க் கேக்கிறது? நானும் வாறன்."

சட்டையை எடுக்கத் தோன்றவில்லை. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். வீதி வெறிச்சோடியிருந்தது. இரு புறமும் கயிறு கட்டி, அதற்கு அப்பால் ஆட்கள் நின்றார்கள். மதிலோரத்தில் மாலை அணிந்த என் சைக்கிள் தனியாக நின்றது. பெட்டியையும் மஞ்சள் துணியையும் துணிக்குள்ளிருந்து நீட்டிய வயர்களையும் நான் அப்போதுதான் பிறர் கண்ணால் பார்த்தேன். எனக்கே அது குண்டாகத் தெரிந்தது.

மணல் மூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பொலிஸ் அதிகாரி நிமிர்ந்தார். இரு துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின.

"மகே, மாத்தயா," என்றேன். என்னுடையது என்று தமிழிலும் சொன்னேன்.

நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பச் சொன்னார். திரும்பினேன். வெற்று மார்பும் வெற்று முதுகும், அவற்றில் திருநீற்றுக் குறிகளும். சால்வையை அவிழ்த்து உதறச் சொன்னார். உதறினேன். உடம்பில் எதையும் கட்டிக்கொண்டு வரவில்லை என்று கண்ட பின்புதான் துப்பாக்கிகள் சற்றுத் தாழ்ந்தன. பின்னாளில் பல தடவை எண்ணியிருக்கிறேன், அன்று மேற்சட்டையுடன் வெளியே வந்திருந்தால் அதன் பையிலிருக்கும் அட்டையை எடுக்க நான் கையைக் கீழே கொண்டு போயிருப்பேன்.

என் பின்னே வந்த மனைவியைக் கயிற்றுக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டு, பெட்டியை நீயே திற என்றார் அதிகாரி. எல்லோரும் இன்னும் பின்னுக்குப் போனார்கள். நான் முடிச்சைப் பிடித்தேன். அவள் ஊர்க்கண் படாமல் இருக்கப் போட்ட முடிச்சு, அவிழவே இல்லை. நான் முடிச்சோடு போராடப் போராட, அவர்களுக்கு அது குண்டை இயக்கும் வேலையாகத் தெரியத் தொடங்கியது. ஒருவர் கத்தினார். துப்பாக்கி மீண்டும் உயர்ந்தது.

அப்போது மனைவி கயிற்றைக் குனிந்து கடந்து வந்தாள். நில்லு என்று பலர் கத்தியதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. "கட்டினது நான்," என்று யாருக்கோ தமிழில் சொல்லிக்கொண்டு வந்து, முடிச்சில் வாயை வைத்துப் பல்லால் இழுத்தாள். சந்தனம் அவள் உதட்டில் ஒட்டியது. துணி விழுந்தது. பச்சைப் பெட்டியைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நான் மூடியைத் தூக்கினேன்.

பற்றரிகள். அவற்றின்மேல் அவள் எனக்குத் தெரியாமல் வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம்.

அதிகாரி மெல்ல அருகில் வந்து எட்டிப் பார்த்தார். இது எதற்கு என்றார். ஏற்றம் ஏறுவதற்கு என்றேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இருதய வருத்தம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஓட்டிக் காட்டு."

பூசை முடியாத வண்டியில், எலுமிச்சம்பழம் நசுங்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். சாவியைத் திருப்பி முறுக்குப்பிடியை முறுக்கினேன். மிதிக்காமலே சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. அந்த இழுவையை நான் அதுவரை அறிந்ததில்லை. கயிற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஓர் எண்ணம் வந்து முதுகு முழுவதும் வேர்த்தது. நான் தப்பி ஓடுகிறேன் என்று பின்னால் நிற்பவர் நினைத்துவிட்டால்? பிடியை விட்டுவிட வேண்டும் என்று தெரியும். பயத்தில் கை அதை இன்னும் முறுக்கியது. சைக்கிள் வேகமெடுத்தது. பிரேக்கை இரு கையாலும் அழுத்தி, பூக்கடைப் பலகையில் இடித்து நின்றேன். சுடும் சத்தம் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஆயினும் அதோடு முடியவில்லை. குருக்கள் கொண்டு வந்து கொடுத்த என் சட்டையிலிருந்து அட்டையை எடுத்தார் அதிகாரி. பிறந்த இடத்தை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். சைக்கிளையும் என்னையும் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே ஒரு நீண்ட மர வாங்கில் இருத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றேன். மனைவி வெளியே படலையருகில் நிற்பது யன்னலால் தெரிந்தது. கையில் இன்னும் எலுமிச்சம்பழத் தட்டு. கீழே வைக்க வேண்டும் என்ற நினைவே அவளுக்கு இருக்கவில்லை. நிறுத்திய பதிகத்தை நெஞ்சுக்குள் தொடர முயன்றேன். நின்ற சொல்லுக்கு அடுத்த சொல் வரவேயில்லை.

மத்தியானம் கழிந்து அக்குறணை நண்பரின் வான் வந்து நின்றது. மனைவி தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அவர் வராமல் இருந்திருக்கலாம். வயரும் பற்றரியும் விற்றவன் நான்தான் என்று அந்நாட்களில் பொலிஸ் நிலையத்துக்குள் வந்து சொல்வது சிறிய காரியமல்ல. அவருடைய சிரிப்பு அன்று பாதியாகத்தான் இருந்தது, நெற்றி வேர்த்திருந்தது. அதே மாதிரி இன்னொரு மோட்டர்ச் சில்லை வானிலிருந்து தூக்கி வந்து அதிகாரியின் மேசையில் வைத்தார். சிங்களத்தில் மளமளவென்று பேசினார். முடிவில் அவர் சொன்னது இதுதான்: "சேர், குண்டு கொண்டு போறவன் இவ்வளவு மெதுவாப் போற சைக்கிளையா பிடிப்பான்? ஏத்தத்தில இதை நாய் முந்திப் போகும்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அட்டையை என்னிடம் நீட்டினார். "அடுத்த முறை நான் நிற்கமாட்டேன்," என்றார். "கேட்காமலே சுடுகிறவன் நிற்பான். மூடிக் கட்டாதே."

வானில் ஏறியபின் நண்பர் தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பச்சைப் பெயின்ட்ட நான் பூசியிருக்கப்படாது," என்றார். மனைவி, "நான் துணி சுத்தியிருக்கக்கூடாது," என்றாள். பிழை அந்தப் பூச்சிலுமில்லை, துணியிலுமில்லை என்று எனக்குத் தோன்றியது; அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

அடுத்த வாரமே அவர் இரும்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கடைகளில் இனிப்புப் போட்டு வைக்கும் தடித்த பிளாஸ்ரிக் போத்தல்களை வெட்டிப் பொருத்தி, உள்ளே இருப்பது நாற்புறமும் தெரியும் ஒரு பெட்டியைச் செய்து தந்தார். வயர்களையும் வெளியே ஒழுங்காகக் கட்டினார். கீழ்த் திருப்பத்துக் காவலரணில் படைவீரன் ஒவ்வொரு மாலையும் குனிந்து பற்றரிகளை எண்ணுவதுபோல் பார்ப்பான். அவன் நிமிர்ந்து "யன்ன" என்று போகச் சொல்லும் வரை நான் கைப்பிடியைத் தொடமாட்டேன். அதன்பின் மோட்டர் மெல்லிய இரைச்சலுடன் என்னை மேலே இழுத்துச் செல்லும். நெஞ்சு வலிக்கவில்லை. முதுகு மட்டும் வீட்டு வாசல் வரை கூசிக்கொண்டிருக்கும்.

பூசையும் நடந்தது. குருக்கள் சைக்கிளை வீதியில் விடாமல் மதிலுக்குள்ளே உள்வீதிக்கே கொண்டுவரச் சொன்னார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பூக்காரப் பெண் மாலை கட்டும்போது, "போன தடவை நான் கட்டுன மாலைக்கு எனக்கும் வெலங்கு மாட்டியிருப்பாங்க. இந்தத் தடவ காசு வாணாங்கய்யா, சத்தமாப் பாடாதீங்க, அது போதும்," என்றாள்.

அன்று அதே பதிகத்தை முதலிலிருந்து எடுத்தேன். சந்நிதியை நேரே பார்த்து நிற்பதுதான் முறை. நான் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். தூண்களுக்கிடையே சைக்கிளின் முன்சில்லும் தெரியவேண்டும், வாசலும் தெரியவேண்டும். முன்பு நின்றுபோன சொல் வந்தபோது குரலைத் தாழ்த்தி, வெளியே ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காப்பு வரை பாடி முடித்தேன்.

யுத்தம் முடிந்து காவலரணையும் அகற்றிவிட்டார்கள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தப் பக்கவாட்டில்தான் நிற்கிறேன். புதிதாக வந்த குருக்கள் அது என் கழுத்து வாதத்தினால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.